அமராவதி கேட்ட ரத்தம்

ஜன்னலைச் சாத்தாதீங்கம்மா, பஸ்ஸு மதுரை போற வரைக்கும் திறந்தே கெடக்கட்டும். சாத்துனா எனக்கு நெஞ்சை அடைக்கும். வெயிலா? சாத்தூர்ல பொறந்து சாத்தூர்லயே வாக்கப்பட்டவளுக்கு வெயில் ஒரு வெயிலா? இந்தப் பையை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்கிடுங்க. முறுக்கும் அதிரசமும்தான். மதுரை ஆஸ்பத்திரியில என் பிள்ளைக ரெண்டும் இருக்கு. பெரியவ திங்கமாட்டா, அவளுக்கு வாயெல்லாம் புண்ணு. சின்னவ திம்பா, அவதான் துணைக்கு இருக்கா.

நீங்க யாரைப் பாக்கப் போறீங்க? மாமனாருக்குக் கண்ணு ஆப்பரேசனா? குடுத்து வச்சவுக நீங்க. கண்ணுன்னா நாலு பேர்கிட்ட வாய்விட்டுச் சொல்லலாம். எங்க வீட்டு நோவு வெளிய சொல்ல வாய் கூசும். உங்களை இனிமே நான் எங்க பாக்கப்போறேன், அதனால சொல்றேன். எங்க வீட்டைக் கெடுத்தது ஒரே ஒரு வாயிம்மா. என் நாத்தனா வாயி.

அவ பேரு அமராவதி. எங்க வீட்டுக்காரவுக கூடப்பொறந்த ஒரே தங்கச்சி. கோவில்பட்டியில குடுத்திருந்தோம். புருசன் சின்ன வயசுலயே லாரியில அடிபட்டுப் போயிட்டாரு. ஒரு பையன், கார்த்தீசன். ஆரம்பத்துல நல்லவதான், நான் மறைக்கல. தீவாளிக்கு வந்தா அடுப்படியை விட்டு வெளிய வரமாட்டா. எனக்கு ரெண்டும் பொட்டப்பிள்ளைக, ஹேமாவும் சிந்துவும். ரெண்டையும் இடுப்புல வச்சு வளத்தது அவதான். நல்லதை நல்லதுன்னு சொல்லணும்ல.

முப்பத்தாறு வயசுல அவளுக்கு மாருல கட்டி வந்துச்சு. புத்துன்னு சொல்லி மதுரையில ஒரு பக்கத்தை எடுத்துட்டாக. நாங்களும் ஆரஞ்சு, ஆர்லிக்ஸுன்னு வாங்கிட்டுப் போயிப் பாத்தோம். என் தரப்புல ஒரு குறை வைக்கல. நம்ம வீட்டுக்கு வந்தா அவளுக்குன்னு ஒரு தட்டு, ஒரு டம்ளர் தனியா எடுத்து வச்சேன். தொத்தாதுன்னு டாக்டரு சொன்னாகதான். சொன்னா ஆச்சா? பொட்டப்பிள்ளைக இருக்கிற வீடு. அவளும் புரிஞ்சுக்கிட்டு, வந்ததும் தானே போயி அந்தத் தட்டை எடுத்துக்கிடுவா. மூஞ்சியைக்கூடச் சுழிக்க மாட்டா.

கொஞ்ச வருசம் நல்லாத்தான் இருந்தா. முடியெல்லாம் திரும்ப வளந்து, கொண்டை போடுற அளவுக்கு வந்துருச்சு. அப்புறம் பாத்தா வயிறு வீங்குது. கர்ப்பப்பை பக்கத்துல சினைப்பைன்னு ஒண்ணு இருக்காமே, அதுல வந்துருச்சுன்னாக. பழசுதான் பரவிருச்சோன்னு கேட்டோம். இல்ல, இது புதுசு, இது வேறங்கிறாக டாக்டரம்மா. ஒரே உடம்புல ரெண்டு புத்து! நீங்க கேள்விப்பட்டிருக்கீங்களா? ஊர்ல என்ன சொன்னாக தெரியுமா? என்ன பாவம் பண்ணுனாளோன்னு சொன்னாக. நான் சொல்லல. ஊர்ல சொன்னாக, நான் ஆமான்னு மட்டும்தான் சொன்னேன்.

அதோட விட்டிருந்தா ஒரு வம்பும் இல்ல. அந்த டாக்டரம்மா சும்மா இருக்காம அவ ரத்தத்தை எடுத்து எங்கயோ அனுப்பிச் சோதிச்சிருக்காக. மரபணுவாம், அதுல ஒரு பழுதாம், அது பொறக்கும்போதே அப்பா வழியா வந்திருக்காம். எங்க மாமனாரு வயித்துவலியிலயும் காமாலையிலயும் செத்தாரு. அவரோட அக்கா மாருல புண்ணு வந்து செத்துச்சு. இதையெல்லாம் கிளறிக் கிளறிக் கேட்டுட்டு, கூடப்பொறந்தவுக, அவுக பிள்ளைக எல்லாரும் ரத்தம் குடுத்துப் பாத்துக்கிடணும்னு சொல்லி விட்டுட்டாக.

இவளும் கெளம்பி வந்துட்டா. எப்ப வாரா பாருங்க. ஹேமாவுக்குச் சிவகாசியில மாப்பிள்ளை பேசி முடிக்கிற சமயம். சொந்தமா அச்சாபீஸ் வச்சிருக்கிற வீடு. பூ வைக்கிறதுக்கு நாள் குறிச்சாச்சு. இவ தலையில ஒரு முடி இல்லாம, துண்டைக் கட்டிக்கிட்டு நடுவீட்டுல வந்து உக்காந்துட்டா.

"மதினி, அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு தடவை ரத்தம் பாத்துருவோம்"ங்கிறா.

"எதுக்கு?"

"இது எங்க அய்யா வழியில வந்ததாம். அண்ணனுக்கும் இருக்கலாம். அண்ணனுக்கு இருந்தா பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி இருக்குமாம்."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "ஏன்டி, இது பொம்பளை நோவு. உங்கண்ணன் ஆம்பளை. அவருகிட்ட மாரு இருக்கா, கர்ப்பப்பை இருக்கா? இல்லாத இடத்துல இருந்து நோவு எப்படிடி எம் பிள்ளைக்கு வரும்?"

"அண்ணனுக்கு வராட்டாலும் அண்ணன் மூலமா வரும் மதினி."

எங்க வீட்டுக்காரவுக அங்கதான் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாக. பேப்பரை இன்னும் கொஞ்சம் மேல தூக்கிக்கிட்டாக. அவ்வளவுதான். அவுககிட்ட அதுக்கு மேல எதிர்பாக்கக் கூடாது.

"சரி, இருக்குன்னே வையி. தெரிஞ்சு என்ன பண்ணப்போற?"ன்னு கேட்டேன்.

"அடிக்கடி ஸ்கேன் பாத்துக்கிட்டா ஆரம்பத்துலயே பிடிச்சிரலாம் மதினி. எனக்கு மாதிரி முத்த விடவேண்டாம். வேணும்னா பிள்ளை பெத்த பிறகு, வர்றதுக்கு முந்தியே எடுத்தும் விட்டுரலாமாம்."

எதை எடுக்கிறதுன்னு கேக்கேன். தன் நெஞ்சைக் குனிஞ்சு பாக்கா. கல்யாணம் பேசுற வீட்டுல வந்து பேசுற பேச்சாம்மா இது? நல்ல வார்த்தை ஒண்ணு வாயில வந்துச்சா?

அதுக்கு மேல ஒண்ணு சொன்னா பாருங்க. "கார்த்தீசனுக்குப் பாத்தாச்சு மதினி, அவனுக்கு இல்லைன்னு வந்துருச்சு"ன்னா. சொல்லும்போது மூஞ்சியில அப்படி ஒரு சந்தோசம். அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. நீங்களும் நம்ம பக்கம்தானே, உங்களுக்கு நான் விளக்கணுமா? அத்தை மகன்னா உரிமை உள்ளவன். ஹேமாவுக்குச் சீக்குன்னு ஊர்ல ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டா சிவகாசிக்காரன் வருவானா? ஒருத்தனும் வரமாட்டான். அப்ப இவ பையன் வந்து, 'நான் கட்டிக்கிடுதேன்'னு பெரிய மனுசனாட்டம் நிப்பான். ரத்தம் பாத்த பையன், சுத்தமான பையன்! எப்படிக் காய் நகத்துறா பாருங்க.

அந்தப் பயலுக்கு எம் பிள்ளை மேல ஒரு இது இருந்துச்சும்மா. எம் பிள்ளைக்கும் கொஞ்சம் இருந்துச்சுன்னு வைங்க. அதனாலதான் நான் அவ்வளவு உசாரா இருந்தேன்.

நான் விட்டேனா? தெருவுல கொண்டுவந்து நிறுத்திக் கேட்டேன். "எம் பிள்ளையை நோயாளி ஆக்கி உன் மகனுக்குக் கட்டப் பாக்குறியாடி"ன்னு நாலு வீட்டுக்குக் கேக்கிற மாதிரிதான் கேட்டேன். அவ தலையில கட்டியிருந்த துண்டு அவுந்து தோள்ல விழுந்துருச்சு. அதைக்கூட எடுக்காம, "என் மனசுல அப்படி இல்ல மதினி, என் மனசுல அப்படி இல்ல"ன்னு அதையே சொல்லிக்கிட்டு நின்னா. அவுக அண்ணன் புறவாசல் வழியா கடைக்குப் போயிட்டாக.

அன்னைக்குப் போனவ, வைகாசியிலயே பையனுக்குக் கல்யாணம்னு பத்திரிகையோட வாரா! எட்டயபுரத்துப் பொண்ணு. பொருத்தமும் பாக்கல, ஒண்ணும் பாக்கல. அள்ளித் தெளிச்ச மாதிரி ஒரு கல்யாணம். நாங்க குடும்பத்தோட போயிருந்தோம். அந்தப் பய தாலி கட்டும்போதுகூட ஹேமா உக்காந்திருந்த பக்கமே பாத்தான். மணப்பொண்ணு பாவம், அது என்ன செய்யும், குனிஞ்ச தலை நிமிரல. ஹேமா அழுதா. புகை கண்ணுல பட்டுருச்சுன்னு நானே பக்கத்துல இருந்தவுககிட்டச் சொல்லிச் சமாளிச்சேன்.

அந்த வாரமே அமராவதி மறுபடியும் வந்தா. இந்தத் தடவை வீட்டுக்குள்ள வரல, வாசப்படிக்குக் கீழயே நின்னுக்கிட்டா.

"மதினி, என் பையனுக்குக் கல்யாணம் முடிஞ்சுபோச்சு. இனி உங்ககிட்ட இருந்து எனக்கு எடுத்துக்கிட ஒண்ணுமில்ல. இப்பவாவது என்னை நம்புங்க. பிள்ளைக ரத்தத்தைப் பாருங்க."

என்னம்மா அப்படிப் பாக்குறீங்க? நீங்களே சொல்லுங்க. ஒரு ரத்தம் பாக்கச் சொல்றதுக்காகப் பெத்த பிள்ளையை எவளாவது கொண்டுபோயி எங்கயோ தள்ளுவாளா? அதுலயே தெரியலையா அவ எப்பேர்ப்பட்ட பிடிவாதக்காரின்னு? தன் மகனுக்குக் கிடைக்காதது வேற எவனுக்கும் கிடைக்கக் கூடாது, அந்த வயித்தெரிச்சல். "இன்னொரு தடவை இந்தப் பேச்சோட இந்த வாசலை மிதிச்சா, உங்கண்ணன் செத்துட்டாருன்னு நினைச்சுக்கோ"ன்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டேன். நல்லவேளை, ரெண்டு தடவையும் பிள்ளைக வீட்டுல இல்ல. ஹேமாகிட்ட இதை எதையும் நான் மூச்சு விடல. கல்யாணம் ஆகப்போற பிள்ளை, மனசைக் கெடுக்கலாமா?

ஹேமா கல்யாணத்துக்கு அவளைக் கூப்பிடல. சிவகாசிக்காரவுக, "பொண்ணுக்கு அத்தை எங்க"ன்னு கேட்டாக. பம்பாய்ல இருக்கா, லீவு கிடைக்கலைன்னு சொல்லிட்டேன். ஆனா வந்திருந்தா. மண்டபத்துக்கு எதிர்த்தாப்புல பஸ் ஸ்டாப்புல நின்னிருக்கா. பொண்ணு மாப்பிள்ளை கார் வெளிய வரும்போது நானே பாத்தேன், ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுக்கிட்டு நிக்கா. கண்ணு பட்டது அங்கதாம்மா. நான் அடிச்சுச் சொல்லுவேன்.

ரெண்டாம் வருசம் ஹேமாவுக்குப் பொட்டப்பிள்ளை பொறந்துச்சு. பால் குடுக்கும்போதே மாருல ஒரு கட்டி. பால் கட்டிக்கிட்டுதுன்னு எல்லாரும் சொன்னோம். நானும் மல்லிகைப் பூவை வச்சு வச்சுக் கட்டுனேன். எங்கம்மா எனக்கு அதைத்தான் செஞ்சா, எனக்குக் கரைஞ்சுது. இவளுக்குக் கரையல. டாக்டருகிட்டப் போறேன்னா. பிள்ளை பால் மறக்கட்டும், தானாச் சரியாயிரும்னு நான்தான் நிறுத்தி வச்சேன். அப்புறம் தோலு உள்ள இழுத்துக்கிட்டுச்சு, முதுகெல்லாம் வலிக்குதுன்னா. கூட்டிக்கிட்டுப் போனா, எலும்பு வரைக்கும் போயிருச்சுங்கிறாக. இருபத்தெட்டு வயசும்மா எம் பிள்ளைக்கு!

சிவகாசியில என்ன செஞ்சாக தெரியுமா? அவளையும் கைக்குழந்தையையும் கார்ல கொண்டுவந்து எறக்கிவிட்டுட்டு, சரியானதும் வந்து கூட்டிக்கிட்டுப் போறோம்னு சொல்லிட்டுப் போனவுகதான். போன் போட்டா எடுக்கிறதில்ல. பேத்தியை எங்க வீட்டுக்காரவுககிட்ட விட்டுட்டுத்தான் இப்ப வாரேன். அவுகளைச் சொல்லியும் குத்தமில்ல. எனக்கு ஒரு மகன் இருந்தா நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன்.

மதுரையில அதே டாக்டரம்மாகிட்டயே போய் மாட்டிக்கிட்டோம். குடும்பத்துல யாருக்காவது இருக்கான்னு கேட்டாக. யாருக்கும் இல்லைன்னு நான் சொல்லி வாய் மூடல, இவ "எங்க அத்தைக்கு இருக்கு, அமராவதி"ன்னுட்டா. டாக்டரம்மா பேனாவைக் கீழ வச்சுட்டாக.

"அமராவதி அண்ணன் மகளா நீ? உங்களையெல்லாம் ரத்தம் பாக்கச் சொல்லி அவகிட்டச் சொல்லி அனுப்புனேனேம்மா!"

ஹேமா மெதுவா எம் பக்கம் திரும்புனா. "அம்மா, அத்தை வந்து சொன்னாகளா?"

"எப்பவோ வந்து என்னத்தையோ உளறுனா."

"எப்ப?"

"உன் கல்யாணத்துக்கு முந்தி."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ சிவகாசிக்குக் கழுத்தை நீட்டியிருப்பியா?"ன்னு கேட்டேன். உண்மையைத்தானே கேட்டேன்? அன்னைக்கு மூஞ்சியைத் திருப்புனவ, இன்னைக்கு வரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. தண்ணி வேணும்னாகூட நர்ஸைக் கூப்பிடுதா. ராத்திரி வலி வந்தா அத்தை, அத்தைன்னு அனத்துதா. பத்து மாசம் சுமந்தவ நான் பக்கத்துல குத்துக்கல்லா உக்காந்திருக்கேன், அவளுக்கு அத்தை வேணுமாம். பெத்த வயிறு எரியாதா?

அத்தையும் அதுக்குள்ள படுத்துட்டா. மூணாவதா கணையத்துல வந்துருச்சு. அவுக அய்யாவுக்கு வந்த அதே வயித்துவலி, அதே காமாலை. ஒரு பொம்பளை உடம்புல மூணு புத்து, மூணும் தனித்தனி. போன மாசியில போய்ச் சேந்தா. பொறந்த வீட்டுக் கோடி நாமதானே போடணும்? நானும் ஒரு கைத்தறிச் சேலை எடுத்துக்கிட்டுப் போனேன். போட்டு எரிக்கிறதுக்கு அது போதாதா? ஹேமா ஆஸ்பத்திரியில இருந்து நேரா அங்க வந்துட்டா. சின்னவளை விட்டு வீட்டுல இருந்து எடுத்துவரச் சொன்ன தன் முகூர்த்தப்பட்டை அவ மேல போத்துறா! சிவகாசிக்காரவுக எடுத்த பட்டும்மா, எத்தனை சரிகை! கெடக்கிறவளும் மொட்டைத்தலை, போத்துறவளும் மொட்டைத்தலை. அந்த இடத்துல எனக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. எழவு வீடுன்னு பாத்தேன், இல்லைன்னா அந்தப் பட்டை உருவியிருப்பேன்.

கார்த்தீசன் தேம்பித் தேம்பி அழுதான். அவன் பொண்டாட்டி அந்தப் பக்கமே வரல.

சாகுறதுக்கு முந்தி சின்னவகிட்டயும் ஓதிட்டுத்தான் செத்திருக்கா. சிந்து அன்னையில இருந்து ஒரு மாதிரி இருக்கா. நானும் ரத்தம் குடுக்கப் போறேம்மான்னு ஆரம்பிச்சா. வாயிலயே போட்டேன். அவளுக்கு அருப்புக்கோட்டையில இடம் வந்திருக்கு. நூல் கடைக்காரவுக, தங்கமான குடும்பம். அக்காவுக்கு முதுகுத் தண்டுல ஆப்பரேசன்னு சொல்லி வச்சிருக்கோம். வெள்ளிக்கிழமை நிச்சயத்துக்கு வாராக. அவளைக் கையோட கூட்டிக்கிட்டு வரத்தான் இப்பப் போறேன். ஹேமா மூச்சு இருக்கும்போதே முடிச்சிரணும். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா ஒரு வருசத்துக்கு வீட்டுல நல்லது பண்ண முடியாதுல்ல? அதுவரைக்கும் அருப்புக்கோட்டைக்காரவுக காத்துக்கிட்டா இருப்பாக?

இருங்க, போன் அடிக்குது. சின்னவதான்.

சொல்லு சிந்து. திருமங்கலம் தாண்டியாச்சு. துணியெல்லாம் எடுத்து வச்சுட்டியா? என்னது? ஏன் அழுகுற? சத்தமாச் சொல்லு, பஸ் சத்தத்துல கேக்கல. எப்ப குடுத்த? யாரைக் கேட்டுக் குடுத்த? ம். ம். டாக்டரம்மா சரியாப் பாத்தாகளா? ம்.

ஹேமாவுக்குத் தெரியுமா? அழட்டும். அவளுக்கு அழுகுறதைத் தவிர வேற என்ன வேலை? நீ அழாத. மூஞ்சி வீங்கிப் போகும், வெள்ளிக்கிழமை ஆளுக வாராக. ஸ்கேனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வருசா வருசம் ஸ்கேனுக்குப் போயி நின்னா மாப்பிள்ளை வீட்டுல எதுக்குன்னு கேக்க மாட்டாகளா? என்னது, சொல்லிட்டுத்தான் கட்டுவியா? சொல்லுடி, சொல்லித்தான் பாரு. நீ அங்க சொல்ற அன்னைக்கு நான் இங்க மருந்தைக் குடிச்சிருப்பேன். அத்தையை எரிச்சாச்சு, அக்காவையும் தூக்கப்போறோம், அம்மாவையும் சேத்துத் தூக்கு. பேசாம இருந்தா என்ன அர்த்தம்? சரிம்மான்னு சொல்லு. கேக்கல. ம், அப்படிச் சொல்லு. முகத்தைக் கழுவிட்டுக் கீழ வந்து நில்லு. வை.

தண்ணி வச்சிருக்கீங்களாம்மா? ஒரு வாய் குடுங்க.

இருக்காம். அவளுக்கும் இருக்காம்.

எனக்குத் தெரியும்மா. அமராவதி வந்து நடுவீட்டுல உக்காந்தாளே, அன்னைக்கே தெரியும். மாமனாருக்குப் பீத்துணி மாத்துனது யாரு? நான். அவரு அக்கா மாருப் புண்ணுக்கு மஞ்சள் வச்சுக் கட்டுனது யாரு? நான். அந்த வீட்டு நோவு எனக்கா தெரியாது? தெரிஞ்சு என்ன செய்ய? தெரியும்னா கல்யாணம் நடக்குமா? தெரியாதுன்னா நடக்குதுல்ல?

என்னைக் கட்டிக்குடுக்கும்போது எனக்கு யாரும்மா சொன்னாக? நான் வந்து வாழலையா?

சிந்துவுக்கு இப்ப இருபத்திரண்டு. ஹேமாவுக்கு இருபத்தெட்டுலதான் வந்துச்சு. ஆறு வருசம் கெடக்கு. ஆறு வருசம்கிறது கொஞ்சமா? அதுக்குள்ள ரெண்டு பிள்ளை பெத்துரலாம்.